கற்போன் கைத் திசைகாட்டி: தரைவழிக் கருவியொன்றின் வரலாறு

திசைகாட்டியின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் கடலையே தம் களமாகக் கொண்டனர். கொலம்பசு, வாசுகோட காமா, மகெல்லன் ஆகியோரின் கலங்களோடு சேர்த்தே காந்தவூசியும் பாடநூல்களிற் பேசப்படுகின்றது. ஆயினும், காந்தத்தின் துணைகொண்டு வழி தேடியமை பற்றி இன்று அறியப்படும் மிகப் பழைய தெளிவான எழுத்துச் சான்று மாலுமிகளைப் பற்றியதன்று; தரையில் நடந்த படைவீரரைப் பற்றியது. கடலிற் புகழ் ஈட்டிய இக் கருவி தரையிலும் நீண்டதொரு வரலாற்றை உடையது. அவ்வரலாற்றை ஆராய்வதனாற் பழைமையை அறியும் இன்பம் மட்டுமன்றி, நடைமுறைப் பயனொன்றும் உண்டு. தேசப்படத்தைக் கையிற்கொண்டு காட்டிலும் வெளியிலும் வழியறியப் பழகும் மாணவன் எத்தகைய திசைகாட்டியைத் தெரிந்தெடுத்தல் வேண்டும் என்னும் வினா, சாரணர் பாசறைகளிலும் புவியியல் வகுப்புக்களிலும் இன்றும் எழுவதாகும். அதற்குரிய விடையை விலைப்பட்டியல்களிலும் பார்க்க வரலாறே தெளிவாகத் தருகின்றது.

சீனரின் மீனும் பட்டிழையும்

சீன நாட்டிற் சொங் மன்னர் ஆட்சியில், கி.பி. 1044 ஆம் ஆண்டளவில் 'வூசிங் சொங்யாவோ' என்னும் படைத்துறைப் பெருநூல் தொகுத்து முடிக்கப்பட்டது. வானம் இருண்டு திசை தெரியாத வேளையிற் படைகள் செய்யத்தக்கவை எவை என்பதை அந்நூல் கூறுகின்றது. வழியறிந்த கிழக்குதிரையொன்றை முன்னே போகவிட்டு அதனைப் பின்தொடர்தல் ஒரு வழி. தெற்கு நோக்கும் தேரை அல்லது தெற்கு நோக்கும் மீனைப் பயன்படுத்தல் மற்றைய வழி. தேர் என்பது பற்சில்லுகளால் இயங்கிய பொறி, காந்தத்தோடு தொடர்பற்றது. மீனோ காந்தக் கருவி. மெல்லிய இரும்புத் தகட்டை இரண்டு அங்குல நீளமும் அரை அங்குல அகலமும் உடைய மீன் வடிவில் வெட்டி, செந்நிறமாகும் வரை நெருப்பிற் காய்ச்சி, அதன் வால் வடதிசையை நோக்க நீரில் தோய்ப்பர். புவியின் காந்தமே அவ்விரும்பிற் காந்தத்தன்மையை ஊட்டும். காற்றில்லாத இடத்தில் நீர்க்கிண்ணமொன்றில் மிதக்கவிட்டால் மீனின் தலை தெற்கைக் காட்டும்.

இம்மீன் தந்த காந்தம் வலுக்குறைந்தது. அன்றியும், கிண்ணத்து நீரைத் தளம்பாது வைத்தபின்னரே அதனைப் பயன்படுத்தலாம். நடந்துகொண்டு பார்த்தல் இயலாது. எனினும் பின்னர் வந்த எல்லாத் தரைவழித் திசைகாட்டிகளும் தீர்க்க முயன்ற சிக்கல் இங்கேயே தோன்றிவிட்டது: ஊசியை விரைவில் ஓய்வடையச் செய்வது எவ்வாறு? ஓய்வடைந்த ஊசி காட்டுந் திசையை நடப்பவன் தன் காலடிக்குக் கொண்டுவருவது எவ்வாறு?

ஏறக்குறைய 1088 ஆம் ஆண்டில் சென் குவோ என்னும் அறிஞர் தமது 'மெங்சி பித்தான்' என்னும் நூலிற் காந்தவூசியைப் பயன்படுத்தும் நான்கு முறைகளை ஒப்பிட்டு எழுதினார். நீரில் மிதக்கவிட்டால் ஊசி தளம்பும். விரல் நகத்தின் மேலோ கிண்ணத்தின் விளிம்பிலோ வைத்தால் எளிதிற் சுழலும், ஆனால் வழுக்கி விழும். புதிய பட்டிழை ஒன்றை ஊசியின் நடுவிற் கடுகளவு மெழுகினால் ஒட்டிக் காற்றில்லாத இடத்திலே தொங்கவிடுதலே நன்று என்பது அவர் கண்ட முடிபு. ஊசி நேர்த் தெற்கைக் காட்டாது சிறிதே கிழக்கிற் சாய்ந்து நிற்பதையும் அவர் குறித்தார். எனவே, 'எந்தத் திசைகாட்டி சிறந்தது?' என்னும் வினா திசைகாட்டியோடு உடன்பிறந்தது எனலாம். அவ்வினாவைச் சென் குவோ அணுகிய முறையும் நோக்கத்தக்கது. வகைகளை நிரைப்படுத்தி, ஒவ்வொன்றும் எங்கே தவறுகின்றது என அவர் வினவினார். தெரிவு செய்வோன் முதலிற் கேட்கவேண்டிய கேள்வியும் அதுவே.

நூரன்பேர்க்கிலிருந்து உரோமாபுரிக்கு

ஐரோப்பாவிற் காந்தவூசி பற்றிய முதற் குறிப்பு 1190 ஆம் ஆண்டளவில் அலெக்சாந்தர் நெக்கம் என்னும் ஆங்கிலத் துறவியின் எழுத்திற் காணப்படுகின்றது. எனினும் கருவியின் அமைப்பை முறையாக ஆராய்ந்தவர் பீற்றர் பெரிகிரினசு என்பவரே. அவர் 1269 ஆம் ஆண்டு ஆகத்து மாதம் 8 ஆம் நாள், தென் இத்தாலியில் லூச்சேரா நகரை முற்றுகையிட்டிருந்த படையின் பாசறையிலிருந்து, காந்தம் பற்றி நண்பர் ஒருவருக்குக் கடிதம் வரைந்தார். காந்த முனைவுகள் பற்றிய விளக்கமும், அச்சிற் சுழலும் ஊசியையும் பாகைகள் பொறித்த வட்டத்தையும் கொண்ட திசைகாட்டியின் விபரமும் அக் கடிதத்தில் உள்ளன. இதுவும் தரையில், படைவீரர் நடுவே எழுதப்பட்டது என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது.

பதினைந்தாம் நூற்றாண்டில் யேர்மனியின் நூரன்பேர்க்கு நகரக் கைவினைஞர் சட்டைப்பையில் அடங்கும் சூரியக் கடிகாரங்களைச் செய்தனர். சூரியக் கடிகாரம் சரியான நேரத்தைக் காட்டவேண்டுமாயின் அதனைச் சரியான திசையில் வைத்தல் வேண்டும். ஆதலின் அதனுள்ளே சிறு காந்தவூசியும் இடம்பெற்றது. அந்நகரிலே திசைகாட்டி செய்யுந் தொழிலை மேற்கொண்டிருந்த ஏர்காட்டு எற்சுலோப்பு என்பவர், 1500 ஆம் ஆண்டின் புனித விழாவுக்கு உரோமாபுரி செல்லும் யாத்திரிகருக்கெனத் தேசப்படம் ஒன்றை அச்சிட்டார். நகரங்களுக்கு இடையே செல்லும் பாதைகள் அதிற் புள்ளி வரிசைகளாற் குறிக்கப்பட்டன. ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் இடையிலுள்ள தூரம் ஒரு யேர்மனிய மைல். அஃது ஏறக்குறைய 7.4 கிலோமீற்றராகும். படத்தின் மேற்பக்கம் தெற்கு. ஆகவே உரோமை நோக்கி முன்னேறும் யாத்திரிகன் படத்திலும் மேல்நோக்கியே சென்றான். படத்தின் அடியிலே திசைகாட்டியின் உருவம் வரையப்பட்டிருந்தது. பயணி தன் திசைகாட்டியைப் படத்தின்மீது வைத்து, இரண்டும் ஒத்து நிற்கும் வரை படத்தைத் திருப்புவான்.

இச் செயல் சிறியதெனத் தோன்றினும் அதன் பொருள் பெரிது. சீனரின் மீன் ஒரு திசையை மட்டும் காட்டியது. எற்சுலோப்பின் யாத்திரிகன் கையிலோ திசைகாட்டியும் படமும் ஒன்றோடொன்று பேசத் தொடங்கின. தரையில் வழியறிதல் என்பது ஊசியைப் பார்த்தல் அன்று. ஊசியின் துணையாற் படத்தை நிலத்தோடு பொருத்துதலே. கற்றறிந்த மாலுமிக்கன்றிச் சாதாரண வழிப்போக்கனுக்கென இம்முறை வகுக்கப்பட்டது என்பதும் கருதத்தக்கது.

ஊசியின் மூன்று இயல்புகள்

நிலத்தில் நடப்போனை மயக்கும் இயல்புகள் மூன்று ஊசிக்கு உண்டு. அவற்றை விஞ்ஞானிகள் படிப்படியாகவே அறிந்தனர்.

முதலாவது, காந்த விலகல். ஊசி காட்டும் வடக்கும் உண்மை வடக்கும் ஒன்றல்ல. இவ்விலகல் இடத்துக்கு இடம் வேறுபடும்.

இரண்டாவது, அவ்விலகல் காலத்தாலும் மாறுவது. இலண்டனில் 1580 ஆம் ஆண்டில் வில்லியம் பறோ அளந்தபோது விலகல் ஏறக்குறைய 11 பாகை கிழக்காக இருந்தது. 1634 ஆம் ஆண்டில் என்றி கெலிபிராண்டு அளந்தபோது அஃது ஏறக்குறைய 4 பாகையாகக் குறைந்திருந்தது. மறு ஆண்டில் அவர் இவ்வுண்மையை வெளியிட்டார். தேசப்படங்களின் ஓரத்தில் விலகலோடு ஆண்டும் குறிக்கப்படுவதன் காரணம் இதுவே. பழைய படத்திலுள்ள விலகலை அவ்வாறே இன்று கொள்ளல் பிழையாகும்.

மூன்றாவது, சாய்வு. இலண்டனிற் கருவி செய்து வாழ்ந்த இறொபேட்டு நோமன் என்பவர், காந்தமேற்றுமுன் சமநிலையில் நின்ற ஊசி காந்தமேற்றியபின் வடமுனை கீழே தாழ நிற்பதைக் கண்டார். தாழ்ந்த முனையைச் சிறிது சிறிதாக வெட்டிச் சமப்படுத்த முயன்றபோது ஊசி அளவுக்கு மீறிக் குறைந்து பழுதாயிற்று. பிறர் சினந்து விட்டுவிடக்கூடிய அத்தொல்லையை அவர் ஆராய்ச்சியாக்கினார். 1581 ஆம் ஆண்டில் தமது நூலை வெளியிட்டார். இவற்றையெல்லாம் ஒருசேர விளக்கும் கொள்கையை, அதாவது புவியே ஒரு பெருங் காந்தம் என்பதை, வில்லியம் கில்பேட்டு 1600 ஆம் ஆண்டில் நிறுவினார்.

இம்மூன்றும் வெறும் ஏட்டறிவல்ல என்பது இலங்கையிற் கற்போனைப் பற்றிக் கூறுமிடத்து விளங்கும்.

படைத்துறையின் நுண்கருவி

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தரைவழித் திசைகாட்டி நுண்மையை நோக்கி வளர்ந்தது. 1812 ஆம் ஆண்டில் இலண்டன் கருவியாளர் சாள்சு சிமால்கால்டர் அரியத் திசைகாட்டிக்கு ஆக்கவுரிமை பெற்றார். கண்ணருகே பொருத்திய அரியத்தின் ஊடாக, தொலைவிலுள்ள குறியையும் வட்டத்திலுள்ள பாகையையும் ஒரே பார்வையிற் காண அது வழிசெய்தது. நில அளவையாளருக்கும் பீரங்கிப் படையினருக்கும் அஃது உகந்த கருவியாயிற்று. பின்னர் கேணல் வேணர் அமைத்த மாதிரிகள் முதலாம் உலகப் போரிற் பிரித்தானியப் படையில் வழங்கின. இரவிலே பார்க்க ஒளிரும் பூச்சும், ஊசியின் ஆட்டத்தை அடக்கத் திரவமும் காலப்போக்கிற் சேர்ந்தன.

இக் கருவியின் பெருமையை மறுப்பதற்கில்லை. ஆயின் அதனைக் கொண்டு படத்திலிருந்து நிலத்துக்குச் செல்பவன் செய்யவேண்டியவை பல. படத்தில் இரு இடங்களை இணைத்துக் கோடு வரைதல் வேண்டும். பாகைமானியை வேறாக எடுத்துக் கோணத்தை அளத்தல் வேண்டும். விலகலைக் கூட்டியோ கழித்தோ கணித்தல் வேண்டும். வந்த எண்ணை நினைவில் வைத்து, கருவியினூடாக அவ்வெண் தோன்றும் வரை உடலைத் திருப்புதல் வேண்டும். இவற்றுள் ஒவ்வொரு படியும் பிழை புகக்கூடிய வாயிலாகும். பயிற்சி பெற்ற படைவீரனுக்கு இவை பழக்கமாகிவிடும். முதன்முறை காட்டுக்குட் புகும் பதினான்கு வயது மாணவனுக்கோ ஐயமும் அச்சமுமே மிஞ்சும்.

சுவீடன் நாட்டுத் தட்டு

இக் குறையைத் தீர்த்தவர்கள் சுவீடன் நாட்டினர். படமும் திசைகாட்டியும் கொண்டு வழியறியும் பயிற்சி அந்நாட்டுப் படைக் கல்லூரியில் 1880 களிலேயே வழங்கியது. அயல் நாடாகிய நோர்வேயில், இன்று ஒசுலோ எனப்படும் நகருக்கு அருகே, 1897 ஆம் ஆண்டு ஒற்றோபர் 31 ஆம் நாள் பொதுமக்களுக்குரிய முதற் போட்டி நடைபெற்றது. சாரணர் தலைவராகவும் விளங்கிய மேயர் ஏண்சுற்று கிலாந்தர், ஓட்டப் போட்டிகளில் இளைஞரின் ஆர்வம் குன்றுவதைக் கண்டார். அவர்களைக் காட்டுவெளிக்கு அழைக்க எண்ணி, 1919 ஆம் ஆண்டு மார்ச்சு 25 ஆம் நாள் சிற்றொக்கோம் நகரின் தெற்கே பெரும் போட்டியொன்றை நடத்தினார். இதன்பின் இவ்விளையாட்டு அந்நாடெங்கும் பரவியது. படைவீரனின் கலை மாணவனின் கலையாயிற்று. ஆகவே மாணவனுக்கேற்ற கருவியும் தேவையாயிற்று.

1930 ஆம் ஆண்டையடுத்துக் கருவித் தொழிலில் வல்லவராகிய குன்னார் தில்லாந்தர் என்பவர் புதியதோர் அமைப்பைக் கண்டார். அதனை அல்வார், ஆர்விட்டு, பியோண் என்னும் கெல்சுற்றொம் உடன்பிறந்தார் மூவரிடம் கொண்டுசென்றார். அவர்கள் தாமே இவ்விளையாட்டில் ஈடுபட்டவர்கள். இவர்களின் கூட்டு முயற்சியாற் சில்வா என்னும் நிறுவனம் 1933 ஆம் ஆண்டில் தோன்றியது.

அவ்வமைப்பின் நுட்பம் யாதெனின், பாகைமானியும் திசைகாட்டியும் ஒன்றாக்கப்பட்டமையே. ஊசி இருக்கும் வட்டப் பேழை, ஒளி ஊடுருவும் நீண்ட தட்டின்மேற் சுழலுமாறு பொருத்தப்பட்டது. மாணவன் தட்டின் ஓரத்தைப் படத்திலே தான் நிற்கும் இடத்திலிருந்து சேரவேண்டிய இடத்துக்கு வைப்பான். பின் பேழையைத் திருப்பி, அதன் அடியிலுள்ள இணைகோடுகளைப் படத்தின் வடக்குத் தெற்குக் கோடுகளோடு ஒத்து நிற்கச் செய்வான். மூன்றாவதாகத் தட்டை மார்புக்கு நேரே பிடித்து, ஊசியின் செம்முனை பேழையின் அம்புக்குறிக்குள் அடங்கும் வரை தானே திரும்புவான். தட்டின் முன்னம்பு காட்டுவதே அவன் செல்லவேண்டிய திசை. எண்ணை வாசித்தலும் வேண்டா. நினைவில் வைத்தலும் வேண்டா. எற்சுலோப்பின் யாத்திரிகன் படத்தைத் திருப்பிச் செய்ததை, நானூறு ஆண்டுகள் கழித்து இம்மாணவன் பேழையைத் திருப்பிச் செய்தான்.

ஊசியின் ஆட்டத்தை அடக்குந் துறையிற் பின்லாந்து நாட்டவரும் பங்களித்தனர். நில அளவையாளராகிய தூமாசு வொலோனென் திரவம் நிரப்பிய திசைகாட்டியைப் பெருந்தொகையாகச் செய்யும் முறையைக் கண்டு, 1936 ஆம் ஆண்டிற் சூன்றோ நிறுவனத்தைத் தொடங்கினார். நெடுநேரம் ஆடிய ஊசி திரவத்துட் சில விநாடிகளில் ஓய்வடைந்தது. சென் குவோ பட்டிழையாற் பெற முயன்ற அமைதி இவ்வாறு கைகூடியது. பியோண் கெல்சுற்றொம் 1946 ஆம் ஆண்டில் அமெரிக்கா சென்று இம்முறையை அங்கே பரப்பினார். 1961 ஆம் ஆண்டிற் பத்து நாடுகள் கூடி இவ்விளையாட்டுக்கென அனைத்துலக இணைப்பொன்றை நிறுவின.

இலங்கையிற் கற்போனுக்கு

இவ்வரலாற்றிலிருந்து தெரிவுக்குரிய நெறிகள் தாமே புலப்படுகின்றன. ஒளி ஊடுருவும் அடித்தட்டும், சுழலும் பேழையும், திரவத்தில் அமைந்த ஊசியும், தட்டின் ஓரத்தில் அளவுகோலும் உடைய எளிய கருவியே கற்போனுக்கு உரியது. கண்ணாடி மூடியும் அரியமும் பின்னர் வேண்டப்படுமாயின் அப்போது சேரட்டும்.

நுண்ணிய கருவியால் முதலிலிருந்தே பழகினாற் பழக்கமும் நுண்ணியதாகும் என்பர் சிலர். கணக்கு இதற்கு விடை கூறும். ஒரு பாகைப் பிழை ஒரு கிலோமீற்றர் நடையில் ஏறக்குறைய 17½ மீற்றர் விலகலைத் தரும். அரியத் திசைகாட்டி அரைப்பாகை நுண்மை உடையதாயினும், பற்றைகளையும் பாறைகளையும் சுற்றி நடப்பவனின் கால் அந்நுண்மையைப் பின்பற்ற மாட்டாது. பாகையொன்றிற் பிழைப்பவனுக்கு இழப்பு சிறிது. படத்தைத் தலைகீழாகக் கொண்டு எதிர்த்திசையிற் செல்பவனுக்கு இழப்பு பெரிது. கற்போன் செய்யும் பிழை பெரும்பாலும் பின்னையதே. ஆகவே அவனது கருவி நுண்ணிய பிழையைத் தவிர்ப்பதிலும் பார்க்கப் பெரும்பிழையைத் தவிர்ப்பதாய் இருத்தல் வேண்டும். எண்ணை மறைத்த கருவியாற் கோண அறிவு குன்றும் என்னும் தடை ஓரளவு உண்மையே. ஆயின் நடந்து பழகியவனுக்குக் கோணத்தைப் பின் விளக்குதல் எளிது; கோணத்தைக் கற்று நடக்க அஞ்சுபவனை வெளியே அழைத்தல் அரிது.

விலகலைப் பொறுத்தவரை இலங்கை பேறுபெற்றது. இங்கு அஃது ஏறக்குறைய 2 பாகை மேற்காகும். ஒரு கிலோமீற்றரில் 35 மீற்றர் அளவே. விலகலைத் திருத்தும் சிறப்பமைப்புக்குக் கூடிய விலை கொடுத்தல் இங்கு தேவையன்று. விலகல் என்றொன்று உண்டு என்பதை அறிந்திருத்தல் போதும்.

சாய்வு பற்றியோ மிகுந்த கவனம் வேண்டும். காந்த மத்திய கோடு இந்தியாவின் தென்முனையை அடுத்துச் செல்கின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் யோன் அலன் புறவுண் திருவனந்தபுர வானாய்வு நிலையத்தில் ஆண்டுக்கணக்காகக் காந்த அளவைகள் எடுத்தமைக்கு அவ்விடத்தின் இந்நிலையும் சிறப்பளித்தது. இலங்கையிலும் சாய்வு மிகச் சிறியது. சிற்றொக்கோமிலோ ஊசி 70 பாகைக்கு மேற் சாயும். அங்கு விற்கப்படும் ஊசியின் தென்பாதி அச்சாய்வை ஈடுசெய்யப் பாரம் கூட்டப்பட்டது. அதனை இங்கே கொணர்ந்தால் தென்முனை தாழ்ந்து பேழையின் அடியில் உராயும். ஊசி ஒட்டி நின்று பொய்த்திசை காட்டும். இதனாலேயே கருவி செய்வோர் உலகைப் பல வலயங்களாகப் பிரித்து ஊசியைச் சமன்செய்கின்றனர். வெளிநாட்டு உறவினர் அன்போடு அனுப்பும் கருவியாயினும், அதனை மட்டமாகப் பிடித்து ஊசி தடையின்றிச் சுழல்கின்றதா என்று பார்த்தபின்னரே மாணவன் கையிற் கொடுத்தல் வேண்டும். நோமனைத் தொல்லைப்படுத்திய அதே ஊசிதான் இது. பேழையிற் பெரிய குமிழி உண்டா, வேறொரு திசைகாட்டியோடு வைத்து ஒப்பிட்டால் (இரண்டையும் சற்றுத் தொலைவில் வைத்தே) இரண்டும் ஒத்துக் காட்டுகின்றனவா என்பவற்றையும் நோக்குதல் நன்று. கைத்தொலைபேசியின் அருகே நெடுநாள் வைத்த ஊசி தன் முனைவு மாறி வடக்கைத் தெற்காகக் காட்டுவதும் உண்டு.

செய்மதிகளின் உதவியால் நிற்கும் இடத்தைக் கைத்தொலைபேசியே கூறும் இக்காலத்திற் காந்தவூசி எதற்கு என வினவலாம். மின்கலம் தீர்ந்துவிடும் என்பது ஒரு விடை. அது சிறிய விடை. தொலைபேசி இடத்தைச் சொல்லுகின்றது. திசைகாட்டியும் படமும் இடத்தைக் கண்டுபிடிக்கக் கற்பிக்கின்றன. சமவுயரக் கோடுகளின் நெருக்கத்தை மலைச்சரிவாகவும், நீலக் கோட்டைக் கால்களை நனைக்கும் ஓடையாகவும் அறியும் அறிவு திரையொன்றைப் பார்ப்பதால் வருவதன்று. இலங்கை நில அளவைத் திணைக்களம் 1800 ஆம் ஆண்டிலே தொடங்கப்பெற்றது. அதன் இடவிளக்கப் படங்கள் நாட்டின் அரும்பொருள்கள். அவற்றை வகுப்பறைச் சுவரிலே தொங்கவிட்டால் மட்டும் போதாது.

கருவியின் விலையும் கல்வியின் பரப்பைத் தீர்மானிக்கின்றது. விலையுயர்ந்த நுண்கருவி ஒன்றை அலுமாரியிற் பூட்டி வைத்து, முப்பது மாணவர் சூழ்ந்து நிற்க ஆசிரியர் ஒருவரே பயன்படுத்திக் காட்டுதல் காட்சியாகுமேயன்றிப் பயிற்சியாகாது. அப்பொருளைக் கொண்டு எளிய கருவிகள் பலவற்றை வாங்கின், இருவர்க்கு ஒன்றாயினும் மாணவர் கைக்கு அவை சேரும். பிழைவிட்டும் திருத்தியும் அவர்கள் தாமே வழி காண்பர். கிழக்குதிரையைப் பின்தொடர்ந்த படைவீரன் வழியைக் கடந்தானேயன்றி அறியவில்லை. ஊசியைத் தன் கையிற் கொண்டவனே வழியை அறிந்தவன். கற்போன் கையிற் சேரும் திசைகாட்டியே சிறந்த திசைகாட்டி என்பது இவ்வரலாறு புகட்டும் முடிபாகும்.